பழிக்குரியவர் என்றொரு கட்டம்

கிட்ட வாருங்கள், என் கண்மணிகளே. ஜன்னலைச் சாத்திவிட்டு வாருங்கள். கோல் றோட் பஸ் ஹோர்னுக்கு மேலால் கத்த என் தொண்டைக்கு இப்போது ஏலாது. கதிரை போதாதவர்கள் பாயில் இருங்கள். வேலை முடித்து பஸ்ஸில் நசிபட்டு வந்திருக்கிறீர்கள் என்று முகத்தைப் பார்க்கவே தெரிகிறது. காலை நீட்டிக்கொள்ளுங்கள், மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். ராசா ராணி இதில் வரமாட்டார்கள். ஒரு சொல்லைச் சுமந்து களைத்துப்போன இரண்டு பெண்கள் வருவார்கள்.

கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸ் என்று ஒருத்தி. வயது அறுபத்தொன்று. முப்பத்துநான்கு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த வேலை செய்பவரை நீதிமன்றத்தில் முதலியார் என்பார்கள். பெண்ணாக இருந்தாலும் முதலியார்தான். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்லவேண்டும். நீதவான் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்லவேண்டும். ஒன்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று முதல் நாளே சத்தியம் வாங்கிவிடுவார்கள்.

இதில் ஒரு முறை இருக்கிறது, அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சி 'நான் கண்டேன்' என்று சொன்னால் முதலியாரும் 'நான் கண்டேன்' என்றே சொல்லவேண்டும். 'அவர் கண்டாராம்' என்று தள்ளி நின்று சொல்ல முடியாது. ஆகவே கொன்ஸ்ரன்ஸ் முப்பத்துநான்கு வருடமாக 'நான் குத்தினேன்' என்றும், 'நான் களவெடுத்தேன்' என்றும், 'அந்தப் பொய்க் கையெழுத்து என்னுடையது' என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னேரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நிற்கும்போது, யாரோ செய்ததெல்லாம் தன் தோளில் தொங்குவதுபோல இருக்கும் அவளுக்கு.

அவளுடைய புருஷன் கிளெமென்ற் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வாய் கொஞ்சம் நீளம்.

"கோட்டில ஆயிரம் கொலையை ஒத்துக்கொண்ட மனுசி," என்பார் சாப்பாட்டு மேசையில். "வீட்டில கறிக்கு உப்புக் கூடினத மட்டும் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டா."

"உப்புக் கூடல்ல. உங்கட நாக்குத்தான் கூட."

இப்படி அவர்கள் காலம் போனது. ஆனால் கிளெமென்றுக்குத் தெரியாத ஒன்று கொன்ஸ்ரன்ஸிடம் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம் நடந்தது அது.

சூசைதாசன் என்று ஒரு மனிதன், துறைமுகத்தில் ஒரு கிடங்கின் கேற்றில் காவல். கிடங்கிலிருந்து பால்மாப் பெட்டிகள் காணாமற்போய், அவன்மேல் வழக்கு. நம்முடைய நீதிமன்றத்தில் முதலில் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும்: நீர் குற்றவாளியா, சுற்றவாளியா? செய்தவன் குற்றவாளி, செய்யாதவன் சுற்றவாளி. கொன்ஸ்ரன்ஸ் அதைத் தமிழில் கேட்டாள். சூசைதாசன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிழை விட்டிட்டன் மிஸ்," என்றான்.

அன்றைக்கு எண்பது வழக்கு. மேலே காற்றாடி வேலை செய்யவில்லை. கொன்ஸ்ரன்ஸ் நீதவான் பக்கம் திரும்பி, குற்றவாளி என்று ஒப்புக்கொள்கிறார் என்றாள். ஆறு மாதம். வேலையும் போயிற்று.

பிறகு வெளி விறாந்தையில் அவனுடைய பெண்சாதி அன்னபாக்கியம் யாருக்கோ சொல்லி அழுதது காதில் விழுந்தது. கேற்றைப் பூட்டாமல் ரீ குடிக்கப் போனதைத்தான் அந்த மனிதன் பிழை என்று சொன்னானாம். களவைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாதாம். கொன்ஸ்ரன்ஸ் திரும்பிப் போய் நீதவானிடம் சொல்லியிருக்கலாம். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் போனாள், அடுத்தவனுடைய 'நானை'ச் சொல்ல.

அன்னபாக்கியமும் கொன்ஸ்ரன்ஸ் போகும் அதே மாதாகோவில் பங்குதான். ஞாயிறு பூசையில் மூன்று வாங்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். 'என் பாவமே' என்று எல்லோரும் நெஞ்சில் தட்டும்போது கொன்ஸ்ரன்ஸ் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு தட்டுவாள். முப்பது வருடம் தட்டினாள். சூசைதாசன் செத்தும் போனான். அவளோ அன்னபாக்கியத்திடம் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கத்தை மட்டும் உண்டாக்கிக்கொண்டாள். யாராவது 'என் பிழை' என்று சொன்னால், உடனே மொழிபெயர்க்காமல், எந்தப் பிழை என்று கேட்க அனுமதி வாங்குவாள். நீதவான்மார் எரிந்து விழுந்தாலும் விடமாட்டாள்.

இன்னொரு விஷயம். இடையில் இரண்டு வருடம் அவளைப் படிவங்களைத் தமிழாக்கும் ஒரு காரியாலயத்துக்கு அனுப்பியிருந்தார்கள். திடீர் மரண விசாரணைக்கு ஒரு படிவம். அதில் ஒன்பதாம் கட்டம், இந்த மரணத்துக்கு யாரைக் குறை சொல்லத் தகும் என்று கேட்கிற கட்டம். பக்கத்து மேசைக் கிளார்க், "குற்றவாளி எண்டு போட்டிட்டு வாங்க மிஸ், சாப்பிடப் போவம்," என்றார். கொன்ஸ்ரன்ஸுக்கு மனம் வரவில்லை. குற்றவாளி என்பது எல்லாம் விசாரித்து முடிந்து நீதிபதி சொல்கிற சொல். பிழைகாரர் என்று போட்டால், சோற்றைக் கரியவிட்டவளும் பிழைகாரிதான். பொறுப்பாளி என்றால் நம்மவருக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரின் ஞாபகம்தான் வரும். பழி சுமந்தவர்? பழியை யார்மேலும் ஏற்றிவிடலாமே, சூசைதாசனும் சுமந்தான். சுமந்தவரெல்லாம் அதற்கு உரியவர் இல்லை. இரண்டு நாள் யோசித்து, 'பழிக்குரியவர் எவரும் உளரா?' என்று எழுதிக் கொடுத்தாள். அச்சாகி வந்தது. நாலாம் கட்டத்தில் 'பிரேதத்துக்கு உரியவர்', ஒன்பதாம் கட்டத்தில் 'பழிக்குரியவர்'. அந்தத் தாளைத் தன் வாழ்க்கையில் திரும்பக் காணமாட்டேன் என்று நினைத்திருந்தாள்.

போன ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது. பழைய பழக்கமுள்ள பொலிஸ் கொன்ஸ்டபிள் ஒருவர். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மரண விசாரணை. செத்தவரின் மனைவி தமிழ். ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் லீவு. உறவுக்காரரை மொழிபெயர்க்க விடமாட்டார்கள். "மிஸ், கொஞ்சம் வாங்க மிஸ்," என்று தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லையும் போட்டுக் கெஞ்சினார். கொன்ஸ்ரன்ஸுக்கு முழங்கால் நோவு, வெளியே மழை. போனாள். இல்லையென்று சொல்ல அவளுக்கு வராது, அதுவும் ஒரு வியாதிதான்.

பிரேத அறைக்குப் பக்கத்தில் நீட்டான வாங்கு. அதில் கௌரி இருந்தாள். வெள்ளவத்தையில் நாற்பது வருடமாக இருக்கும் யாழ்ப்பாணத்து மனுசி, அறுபத்தொன்பது வயது. தலை பின்னாமல், காலில் ஒரு சோடிச் செருப்பில் ஒன்று மற்றதோடு பொருந்தாமல். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் மூடி. அதைத் திருப்பித் திருப்பி விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

கொன்ஸ்ரன்ஸ் குடையை மடக்குவதற்குள் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஓடிவந்து அவளை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். செத்துப்போன கதிர்காமநாதனின் தம்பி, இராஜநாயகம்.

"மிஸ், ஒரு உதவி. அண்ணி விடியத்தொடக்கம் 'என்ர பிழை, என்ர பிழை' எண்டு ஒரே பிசத்தல். உள்ளுக்கையும் அதைத்தான் சொல்லப்போறா. அவ என்ன சொன்னாலும் நீங்கள் 'சந்தேகம் ஒண்டும் இல்லை' எண்டு சிங்களத்தில சொல்லிவிடுங்கோ."

"அது எனக்கு ஏலாது."

"மிஸ், விளங்கிக்கொள்ளுங்கோ. அவ பிழை எண்டு ஒரு சொல் எழுதுப்பட்டா, வெட்டிச் சோதிக்க வேணும், பொலிஸ் வேணும், கோட்டுக்கு அனுப்பவேணும் எண்டு இழுப்பினம். அண்ணன் எத்தினை நாளைக்கு அந்த ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கிறது? நாளைக்குச் செத்தவீடு. அண்ணற்ற பெடியன் கிஷாந்த் கனடாவில இருந்து பிளேன் ஏறிட்டான். மகள் யதுஷா கல்கிசையில, ஏழு மாதம். ரெண்டு தரம் தங்காமல் போய் இது மூண்டாவது. அம்மாதான் அப்பாவைச் சாக்கொண்டவ எண்டு பொலிஸ் எழுதினதை அந்தப் பிள்ளை கேட்டா என்ன ஆகும்?"

கொன்ஸ்ரன்ஸ் குடையை மடக்கி உதறினாள். அந்த மனிதர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் கஷ்டம்.

"நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், அய்யா," என்றாள் கடைசியாக. "அந்தச் சத்தியம் செய்துதான் இந்த வேலைக்குச் சீலை கட்டினேன்."

"சீலை நனைஞ்சுபோச்சு, மிஸ்," என்றார் இராஜநாயகம், கசப்பாக. "சத்தியம் எப்பிடியெண்டு தெரியேல்லை."

உள்ளே விசாரணை அதிகாரி இருந்தார். கண்ணாடிக்குக் கீழே வீங்கின கண். அவருக்கு அன்றைக்கு இது ஐந்தாவது. இன்னும் மூன்று பேர் வெளியே காத்திருந்தார்கள். அவர் முன்னால் படிவம். கொன்ஸ்ரன்ஸ் தலைகீழாகவே தன் சொல்லை அடையாளம் கண்டுகொண்டாள்.

கௌரி கதிரை நுனியில் இருந்தாள். அவளுக்குச் சிங்களம் கேட்டால் நன்றாக விளங்கும். பேசத்தான், மரக்கறிக் கடையில் பேரம் பேசுகிற அளவுக்கு மேல் வராது.

"சொல்லுங்க அம்மா. நடந்தத நடந்தபடி," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"சொல்ல என்ன கிடக்கு," என்றாள் கௌரி. "எல்லாம் என்ர பிழை."

அதிகாரி பேனையைத் தூக்கினார். "மொகத கிவ்வே?" என்ன சொன்னா?

வாசலில் நின்ற இராஜநாயகம் கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார். இந்த இடத்தில் 'சந்தேகம் இல்லை' என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும், பிள்ளைகளே. ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் அவளுடைய பழைய பழக்கம் முந்திக்கொண்டது.

"ஐயா, இந்த அம்மா தன் பிழை என்கிறார். எந்தப் பிழையென்று கேட்காமல் அதை எழுதிவிடாதீர்கள். கேட்க அனுமதி வேண்டும்."

அதிகாரி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "கேளுங்கள்."

கேட்டாள். இராஜநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவள் கௌரியைக் காப்பாற்றத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் வெளியே இழுத்தது.

"நேற்றைக்குக் கந்தசட்டி தொடங்கி நாலாம் நாள்," என்றாள் கௌரி. "நான் வருசாவருசம் ஆறு நாளும் விரதம் பிடிக்கிறனான். அவர் ஒருநாளும் பிடிக்கிறேல்லை, இருபது வருசமாச் சீனி வருத்தம். இந்தமுறை, யதுஷாவுக்குப் பிள்ளை தங்கவேணும், நானும் பிடிக்கப்போறன் எண்டார். வேண்டாமெண்டு சொன்னனான். பிடிவாதம். டொக்டரிட்டைக் கேப்பம் எண்டன், 'முருகனுக்கு மேல ஒரு டொக்டரோ' எண்டு பகிடி விட்டார். சரி, அப்ப குளிசையைப் போடாதேங்கோ எண்டு நான்தான் சொன்னனான். முதல் மூண்டு நாளும் நான் குளிசை வைக்கேல்லை."

அவள் கையிலிருந்த மூடியை மேசையில் வைத்தாள்.

"நாற்பது வருசமா விடியக் காலமை அவற்ற குளிசையை, விற்றமினெண்டாலும் தடிமனுக்கெண்டாலும், இந்த மூடியில போட்டுத் தண்ணியோட வைக்கிறது நான். அவர் என்ன ஏதெண்டு பாக்கிறேல்லை. மூடியில இருந்தா விழுங்குவார். நாலாம் நாள் எனக்கும் தலை சுத்து. என்ர கை தன்பாட்டில சீனிக் குளிசையை எடுத்து வைச்சிட்டுது. அவர் விழுங்கிட்டுக் கோயிலுக்குப் போனார். வெறும் வயித்தில அந்தக் குளிசை சீனியை அடியோட இறக்கிப்போடும். நான் பிறகு வெறும் மூடியைக் கண்டனான். கண்டவுடன ஓடியிருக்கலாம். கோயில் கிட்டத்தானே, இப்ப வந்திடுவார் எண்டு நிண்டிட்டன்."

கொன்ஸ்ரன்ஸ் துண்டு துண்டாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனாள். முப்பத்துநான்கு வருடத்துத் தட்டையான குரல். 'நான் அவரைத் தடுத்தேன். நான் மூடியில் மருந்தை வைத்தேன். வெறும் மூடியைக் கண்டும் நான் ஓடவில்லை.' அதிகாரி எழுதினார்.

"அவர் வரேல்லை," என்றாள் கௌரி. "சந்தியில பஸ் ஹோல்ட்டில இருந்த வாங்கில சரிஞ்சு இருந்தவராம். சனமெல்லாம் நித்திரை எண்டு நினைச்சுதாம். ஒண்டரை மணித்தியாலம். ஒரு சீனிக் கட்டி வாயில போட்டிருந்தா எழும்பியிருப்பார். சீனி வீட்டில ரெண்டு கிலோ கிடக்குது." அவள் நிறுத்தினாள். பிறகு, மிகத் தெளிவாக, "நான்தான் அவரைக் கொண்டுபோட்டன். அதை எழுதச் சொல்லுங்கோ," என்றாள்.

கொன்ஸ்ரன்ஸ் அதிகாரி பக்கம் திரும்பினாள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

"மம தமய் எயாவ மெறுவே," என்றாள். நான்தான் அவரைக் கொன்றேன்.

அதிகாரியின் பேனை தாளுக்கு மேலே நின்றது.

கௌரி கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தாள். அதுவரைக்கும் அவள் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. மழையில் நனைந்த ஒரு பருத்திச் சீலை, நரைத்த தலை, முழங்கால் நோவில் ஒரு பக்கம் சாய்ந்து இருக்கிற ஒரு பெண். அவள் வாயிலிருந்து 'நான் கொன்றேன்' என்று வந்திருக்கிறது. தன் வாயால் நூறு தரம் சொன்னபோது கௌரிக்கு அது நியாயமாகத்தான் கேட்டது. இன்னொருத்தி சொல்லக் கேட்டபோது தாங்கவில்லை.

அவள் எட்டி கொன்ஸ்ரன்ஸின் கையைப் பிடித்தாள்.

"ஐயோ தங்கச்சி, அப்பிடிச் சொல்லாதேங்கோ. நீங்கள் வேணுமெண்டு செய்தனீங்களோ? மனுசருக்குக் கை தவறாதோ? எத்தினை நாள் பட்டினி, எத்தினை வருசம் பாத்த வேலை, எவ்வளவு களைப்பு. அதுக்காகக் கொண்டவ எண்டு சொல்லலாமோ? சொல்லாதேங்கோ."

சொல்லிவிட்டுத்தான், தான் யாரிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே விளங்கியது. பிடித்த கையை விடாமல், வாயைப் பொத்திக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள்.

கொன்ஸ்ரன்ஸின் கண்ணுக்கு முன்னால் இப்போது கௌரி இல்லை. ஒரு கூண்டும், கம்பியைப் பிடித்த இரண்டு கையும், வேலை செய்யாத ஒரு காற்றாடியும் இருந்தன. அன்றைக்கும் களைப்புத்தான்.

"முதலியார்," என்றார் அதிகாரி மெதுவாக. "என்ன சொன்னா?"

இதையும் சொல்லவேண்டும், பாருங்கள். இதுவும் சாட்சியம். கொன்ஸ்ரன்ஸ் சொன்னாள். 'நான் வேண்டுமென்று செய்யவில்லை. மனிதருக்குக் கை தவறும். நான் களைத்திருந்தேன்.' அந்தத் தட்டையான குரல் அந்த இடத்தில் மட்டும் நேராக வரவில்லை.

"மகே அதின் வெறதுனா," என்று அதிகாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் கையால் தவறிப்போயிற்று. அப்படியே எழுதினார். கொன்றேன் என்று சொன்னதையும் மேலே எழுதியிருந்தார், அதையும் வெட்டவில்லை. பிறகு இராஜநாயகத்தைக் கூப்பிட்டு, பஸ் தரிப்பிடத்தில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேட்டார். வைத்தியர் எழுதிய துண்டை எடுத்துப் பார்த்தார். போனில் யாரோடோ இரண்டு நிமிஷம் கதைத்தார். பிரேதத்தை இன்றைக்கே கொடுக்கலாம் என்றார். இராஜநாயகம் சுவரில் சாய்ந்துவிட்டார், அந்த மனிதரும் அறுபது தாண்டியவர்தானே.

படிவம் நிரம்பத் தொடங்கியது. நாலாம் கட்டம், பிரேதத்துக்கு உரியவர். கௌரி பெயரைச் சொன்னாள், கையெழுத்து வைத்தாள். அடுத்தடுத்த கட்டங்களில் அதிகாரி மளமளவென்று எழுதினார். ஒன்பதாம் கட்டத்தில் பேனை போனபோது கௌரி விரலை வைத்தாள். தமிழில் இருந்ததை எழுத்துக்கூட்டுவதுபோல வாசித்தாள்.

"பழிக்குரியவர். இதிலயும் என்ர பேரைப் போடச் சொல்லுங்கோ, தங்கச்சி. அதுதானே சரி?"

கொன்ஸ்ரன்ஸ் சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். தமிழில் அந்தக் கட்டம் சரியாக என்னதான் கேட்கிறது என்று அவளிடம் கேட்டார்.

"பழி யாரைப் போய்ச் சேரவேண்டுமோ அவர் இருக்கிறாரா என்று கேட்கிறது, ஐயா. யார்மேல் விழுந்தது என்று கேட்கவில்லை. தன்மேல் யார் எடுத்துப் போட்டுக்கொண்டார் என்றும் கேட்கவில்லை."

"நல்ல சொல்," என்றார் அதிகாரி. எழுதியவள் முன்னால் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. "இருபது வருடமாக இந்தக் கதிரையில் இருக்கிறேன், அம்மே. இந்தக் கட்டத்தில் என் பெயரைப் போடுங்கள் என்று கேட்டு வருபவர்கள் பெண்சாதிமாரும் தாய்மாரும்தான். போடவேண்டியவன் ஒருவன்கூட இதுவரைக்கும் கேட்டதில்லை."

அவர் அந்தக் கட்டத்தில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தார்.

கௌரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோடு போட்டா முடிஞ்சுதோ?"

கொன்ஸ்ரன்ஸ் அதையும் மொழிபெயர்த்தாள்.

"நே, அம்மே," என்றார் அதிகாரி. இல்லை. "என் வேலைதான் முடிகிறது." அடுத்த பெயரைக் கூப்பிடச் சொல்லிக் கொன்ஸ்டபிளுக்குக் கை காட்டினார்.

வெளியே வாங்கில் கொன்ஸ்ரன்ஸ் பால் விடாத ஒரு பிளேன்ரீ வாங்கி வந்து கௌரியின் கையில் கொடுத்தாள். சாவுத் துடக்கு வந்துவிட்டதால் கௌரியின் விரதம் கலைந்துபோயிற்று. ஆனால் அதற்குப் பிறகும் ஒருவரும் அவளுக்கு ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. கௌரி குடித்தாள். சீனி கூட என்றாள். பிறகு இன்னொரு வாய் குடித்தாள். போகும்போது, "நீங்கள் போய் சீலையை மாத்துங்கோ, சளி பிடிக்கப்போகுது," என்றாள். அந்த எவர்சில்வர் மூடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

கொன்ஸ்ரன்ஸ் வீட்டுக்கு வந்தபோது கிளெமென்ற் சோற்றைப் போட்டு வைத்திருந்தார். காலையில் அவள் வைத்த சூடை மீன் குழம்பு. ஒரு வாய் வைத்தாள்.

"உப்புக் கூடிப்போச்சு," என்றாள். "என்ட பிழை."

கிளெமென்ற் கோப்பையை வைத்துவிட்டு அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "என்ன, காய்ச்சலா?"

அவள் சிரிக்கவில்லை. "சூசைதாசனை ஞாபகம் இருக்கா? கிடங்குக் கேற்றில நிண்டவர்."

"பால்மாக் கேஸ். ஏன் இல்ல? பாவம், அந்த நீதவான் ஒரு சொல் கேக்காமல் உள்ளுக்குப் போட்டிட்டான்."

"நீதவான் இல்ல," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். முழுவதையும் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. இந்தமுறை அந்த 'நான்' அவளுடையதாகவே இருந்தது. கிளெமென்ற் ஒரு பகிடியும் விடவில்லை. குழம்பு ஆறிப்போயிற்று.

"களைப்பில வந்ததுதானே," என்றார் கடைசியில்.

"சொன்னது களைப்பில. அதுக்குப் பிறகு முப்பது வருசம் சொல்லாமல் இருந்தது எதில?"

கிளெமென்ற் எழும்பினார். கையைக் கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு அன்னபாக்கியம் வீட்ட போவம். நானும் வாறன்," என்றார்.

போனார்கள். கிளெமென்ற் வாசலில் நின்றுகொண்டார், கொன்ஸ்ரன்ஸ் உள்ளே போனாள். என்ன கதைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோலச் சொல்லவும் மாட்டேன். நடுவில் ஒருதரம் அன்னபாக்கியத்தின் குரல் உயர்ந்ததாம். பாத்திரம் ஒன்று விழுந்ததாம். கொன்ஸ்ரன்ஸ் வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. அன்னபாக்கியம் கதவைச் சாத்தவில்லை என்று மட்டும் கிளெமென்ற் சொன்னார். அடுத்த ஞாயிறு அவள் அதே வாங்கில்தான் இருந்தாள், மூன்று வாங்கு முன்னால். நெஞ்சில் தட்டும் நேரம் வந்தபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தாளாம். அவ்வளவுதான்.

தையில் யதுஷாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, சுகமாக. அதையும் சொல்லாமல் உங்களை அனுப்பினால் நித்திரை கொள்ளமாட்டீர்கள்.

சரி, எழும்புங்கள், கடைசி பஸ் போய்விடும். உங்கள் வீடுகளில் மருந்து எடுத்து வைக்கிற கை தளராமல் இருக்கட்டும். அதை வாங்கி விழுங்குகிறவர், இது என்ன என்று ஒரு சொல் கேட்கட்டும். வழியில் சரிந்தால் தோளில் தட்டி எழுப்ப ஒரு மனிதர் உங்களுக்குக் கிடைக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் 'என் பிழை' என்று சொல்லும்போது, எந்தப் பிழை என்று பக்கத்தில் இருந்து கேட்க ஆள் இருக்கட்டும். அடுப்பில் சோறும், போத்தலில் சீனியும், வாசலில் சாத்தாத கதவுமாக நன்றாக இருங்கள், என் கண்மணிகளே.